விரலில்லாக் கம்பளிக் கை

தை மாதமானாலும் மதுரையில் உச்சி வெயில் உச்சி வெயில்தான். அப்படி ஒரு வெயிலில், பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து எங்கள் தெருவுக்குள் ஒருவர் நடந்து வந்தார். காக்கிச் சட்டை, தலையில் தொப்பி. இரண்டு கைகளிலும் உள்ளங்கை தொடங்கி முழங்கை வரை பாசிப்பச்சை நிறக் கம்பளி. விரல் பத்தும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

தெருமுனை டீக்கடை பெஞ்சு சும்மா இருக்குமா?

"என்ன மாப்ள, கைக்கு மட்டும் தனியாக் குளிர் காய்ச்சலா?"

"அது கம்பளி இல்லடா, பாசி. மாப்ள குளத்துல விழுந்து எந்திரிச்சு வாராரு!"

கம்பளிக்காரர் சிரித்துக்கொண்டே நடந்தார். அவருக்குப் பின்னால் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கண்டக்டர். மாடி ஜன்னல் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு நான்.

வந்தவர் என் அண்ணன் காதர். அந்தக் கம்பளிக் கை இரண்டில் ஒன்றைப் பின்னியது நான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன். எழுத எழுதப் பெருமையெல்லாம் மற்ற கையைப் பின்னியவர் பக்கமே போகிறது. போகட்டும், எனக்கு வருத்தமில்லை.

தடம் மாறிய பொத்தான்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அண்ணன் மலை பஸ் டிரைவர். மத்தியானம் மதுரையில் வண்டியை எடுத்தால் பொழுது சாயும்போது கொடைக்கானல். இரவு அங்கேயே தங்கல். விடியக் கருக்கலில் முதல் வண்டியை எடுத்து இறங்கினால் உச்சிக்கு வீடு. வளைவில் ஓட்டுகிறவன்தான் டிரைவர், சமவெளியில் ஓட்டுகிறவன் வண்டிமேல் உட்கார்ந்திருக்கும் பிரயாணி என்பது அவர் கொள்கை.

உடுப்பு விஷயத்தில் மகா கெட்டி. சட்டையில் ஒரு மடிப்புக் கலைந்தாலும் முகம் சுருங்கும். அந்த மனிதர் ஒரு மார்கழியில், மூன்று நாள் தொடர்ந்து பொத்தானை மேலும் கீழுமாக மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் பார்க்கவில்லை. அத்தாவும் அம்மாவும் பார்க்கவில்லை. ஜொஹரா மதினி பார்த்துவிட்டார்.

ஜொஹரா மதினி அண்ணனுடைய மனைவி. பேரையூர்ப் பக்கத்துப் பெண். என்னைவிட நாலு வயதுதான் மூப்பு. குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"என்னங்க இது, பொத்தான் தடம் மாறியே வருது?"

"அவசரத்துல போட்டது."

"மூணு நாளுமா அவசரம்?"

நான் அடுப்படியில் வெங்காயம் உரிக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"விடிகாலையில வெரலு செத்துப் போகுது ஜொஹரா. வெள்ளையா, மெழுகுவத்தி மாதிரி. நேத்து ஒரு வளைவுல கை ஸ்டியரிங்ல இருக்கா இல்லையான்னே தெரியல. குனிஞ்சு பாத்துத்தான் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

"கம்பெனியில சொல்லிறலாமே?"

"சொன்னா மலை வண்டிய விட்டு எறக்கிருவாக. அப்புறம் ஷெட்டுல கரி அள்ளிக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான்."

"சொல்லாட்டி?"

வெங்காயத்தால்தான் என் கண் எரிந்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

"வண்டிக்குள்ள முப்பது பேர் உக்காந்திருக்காக" என்றார் அண்ணன். "இன்னொரு தடவ அப்படி ஆச்சுன்னா நானே சாவியக் கொண்டுபோய் மேசையில வச்சிட்டு வந்துருவேன்."

சொன்னால் செய்கிறவர். அதுதான் பயம். ஸ்டியரிங்கை விட்டு இறக்கினால் என் அண்ணனில் பாதியை இறக்கியது மாதிரி.

"தோல் உறை மாட்டிப் பாக்கலாம்ல?"

"மாட்டிப் பாத்தாச்சு. வண்டி என்ன சொல்லுதுன்னே வெளங்கல. வெரல் வெளிய இருக்கணும் ஜொஹரா. வெரல்லதான் எனக்குக் காது."

வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். "அண்ணே! வெரல் வெளிய இருக்க உறை எனக்குப் போடத் தெரியும்!"

தெரியாது. ஆனால் படம் பார்த்திருந்தேன்.

ஆறு அரைக் காலுறைகள்

இங்கே என் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திரை போட்ட ஜட்காவில் நான் பள்ளிக்கூடம் போன கதையைப் போன வாரமே கொட்டித் தீர்த்துவிட்டேன். இப்போது சொல்வது அதற்குப் பிந்திய காலம். படிப்பை முடித்துவிட்டு அதே பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு உதவி டீச்சராக இருந்தேன்.

யுத்தம் வந்ததும் வாரத்தில் இரண்டு மணி நேரம் கம்பளிப் பின்னல் என்று பெரிய டீச்சரம்மா உத்தரவு போட்டுவிட்டார். எங்கேயோ பனியில் நிற்கும் சிப்பாய்களுக்கு நாங்கள் இங்கே வியர்வையில் குளித்துக்கொண்டு காலுறை போட வேண்டும். கம்பளி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வரவே வராது. மீனாட்சி என்ற தோழி கை நிறைய விபூதியைப் பூசிக்கொண்டு பின்னுவாள். "உனக்கும் தரட்டுமா மைமூன்? சாமி கோவிச்சுக்கிறாது" என்பாள். நான் முகப்பவுடரோடு நிறுத்திக்கொண்டேன். சிப்பாய்களின் கால்கள் எப்படி மணந்தனவோ, பாவம்.

நான் ஆறு காலுறை ஆரம்பித்தேன். ஆறும் குதிகால் வரை வந்து நின்றுவிட்டன. குதிகாலுக்கு அப்புறம் என்ன செய்வது என்று புஸ்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கம் புரட்டும் பொறுமை எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. இந்தக் குணத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். கதைக்கு வேண்டும்.

அந்தப் புஸ்தகத்தில்தான் விரலில்லாக் கையுறையின் படம் இருந்தது. மணிக்கட்டும் முன்கையும் சூடாக இருந்தால் விரலுக்கும் சூடு போகும் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. கையைச் சுற்றிச் சுற்றிச் சாய்வாக ஏறும் வரப்புகள் வேறு. பிடித்த பொருள் வழுக்காமல் இருக்க அந்த வரப்பு. இதைவிட ஒரு டிரைவருக்கு என்ன வேண்டும்? டீச்சரம்மாவிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

சைக்கிள் கம்பி

அண்ணன் வயிற்றுவலி என்று சொல்லிப் பத்து நாள் சமவெளியில் ஓடும் சமயநல்லூர் ரூட்டுக்கு மாற்றிக்கொண்டார். அது கரியில் ஓடும் பஸ். யுத்தத்தில் பெட்ரோல் ஏது? வண்டியின் முதுகில் ஓர் அடுப்பு. அது மூச்சு விட்டால் வண்டி ஓடும், விடாவிட்டால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். கண்டக்டர் மாயாண்டிக்குச் சொந்த ஊரே சமயநல்லூர். "டிக்கட்டும் வாங்கிக்கிட்டுத் தள்ளவும் சொல்றியேடா" என்று அவர் சித்தப்பாவே நடுரோட்டில் வைத்துத் திட்டியிருக்கிறார்.

பத்து நாளுக்குள் எங்களுக்கு ஊசி வேண்டும், கம்பளி வேண்டும்.

கம்பளி சுலபமாகக் கிடைத்தது. ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் விட்டுச்சென்ற பழைய ஸ்வெட்டர் ஒன்றைக் கொடைக்கானலில் யாரோ அண்ணனிடம் கொடுத்திருந்தார்கள். பாசிப்பச்சை. முழங்கையில் ஓட்டை. மதினி அதைப் பிரித்துச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, சுருட்டை நிமிர அடியில் கல்லைக் கட்டிக் கொடியில் தொங்கவிட்டார். நல்ல நூலாகத் தேறியது ஒரு ஜோடிக்கு மட்டும்.

ஊசிக்குத்தான் திண்டாட்டம். கடையில் கேட்டால் "யுத்தம்மா" என்றார்கள். எதைக் கேட்டாலும் அந்தப் பதில்தான். கடைசியில் சைக்கிள் கடை சையது மாமுவிடம் போனேன். அவர் சக்கரக் கம்பி ஐந்தை நறுக்கி, முனையைச் சாணைக்கல்லில் தீட்டிக் கொடுத்தார்.

"எந்தச் சைக்கிளுக்கும்மா இந்தக் கம்பி?"

"காதர் அண்ணன் கைக்கு மாமு."

"ஏன், அதுல எதுவும் கோட்டமா?" என்றார், சிரிக்காமலே.

நாலு கம்பியில் பின்னல் கண்களைப் பங்கு போட்டு வட்டமாக நிறுத்தி, ஐந்தாவது கம்பியால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். மதினிக்கு நான் ஒரே ஒரு சாயங்காலம் சொல்லிக்கொடுத்தேன். நூலைப் பின்னால் வைத்துப் பின்னினால் வழவழப்பு. முன்னால் வைத்துப் பின்னினால் முண்டு. அவ்வளவுதான் வித்தை. மறுநாள் காலையில் அவர் என்னைவிட வேகம். அதற்கு மறுநாள் கம்பியைப் பார்க்காமலே பின்னிக்கொண்டு, பால் பொங்குகிறதா என்று அடுப்பைப் பார்த்தார். கம்பி ஐந்தும் டிக் டிக்கென்று பேசிக்கொண்டே இருக்கும். எனக்குப் பொறாமையாகக்கூட வரவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எந்த ஓரம் முதல் ஓரம்?

புஸ்தகத்திலிருந்த படத்தைக் கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டேன். புள்ளி வைத்த கட்டம் முண்டு. காலிக் கட்டம் வழவழப்பு. கீழ் வரிசையில் ஆரம்பித்து மேலே போக வேண்டும். வரிசைக்கு வரிசை புள்ளிகள் ஒரு கட்டம் தள்ளித் தள்ளி நகரும். அதுதான் வரப்பாகச் சாய்ந்து ஏறும்.

மதினிக்குத் தமிழ் எழுத்தோ இங்கிலீஷ் எழுத்தோ தெரியாது. சின்ன வயதில் குர்ஆன் ஓதியவர். அரபு எழுத்திலேயே தமிழை எழுதும் வழக்கம் எங்கள் பெண்களிடம் உண்டு. தாய்வீட்டுக்கு அவர் போடும் கடிதமெல்லாம் அப்படித்தான். அந்த எழுத்து வலமிருந்து இடமாகப் போகும்.

கட்டத்துக்கு எழுத்துத் தெரிய வேண்டுமா என்ன? நோட்டை வாங்கிப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. வலது ஓரத்துக் கட்டத்தில் விரலை வைத்துப் பின்ன ஆரம்பித்தார்.

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

"மதினி, இது ஓதுற கிதாபு இல்ல. இங்கிலீஷ் புஸ்தகம். இடது பக்கமிருந்துதான் படிக்கணும்."

"கம்பியில முதல்ல வார கண்ணு வலது ஓரத்துக் கண்ணுதானே மைமூன்? அப்ப கட்டத்தையும் அங்கிருந்துதானே எடுக்கணும்?"

நியாயமான கேள்வி. "வெள்ளக்காரன் எழுதுனத வெள்ளக்காரன் மாதிரிதான் படிக்கணும்" என்று ஒரே போடாகப் போட்டேன். நாலு எழுத்துப் படித்த திமிர்.

மதினி பின்னிய இரண்டு சுற்றையும் பிரித்துவிட்டு இடது ஓரத்திலிருந்து தொடங்கினார். இடது கை உறையை நான் பின்னினேன், வலது கை உறையை மதினி பின்னினார். இரண்டும் அச்சில் வார்த்தது மாதிரி ஒரே போல வந்தன. எனக்கு வாழ்நாளில் முதல்முறையாக ஒரு காரியம் முடிந்திருந்தது. அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்து அத்தா, "என்ன, காலேஜ் பாஸ் பண்ணிட்டியா?" என்றார்.

பல்லால் கழற்றிய உறை

பத்து நாள் முடிந்து அண்ணன் மலைக்குப் போனார். மறுநாள் உச்சிக்குத் திரும்பி வந்தவர் இடது உறையை ஒரு பக்கமும் வலது உறையை ஒரு பக்கமும் பாயில் வைத்தார்.

வாசலில் திரைக்கு அந்தப் பக்கம் நின்ற மாயாண்டி பொறுக்க முடியாமல் பேச ஆரம்பித்துவிட்டார்.

"தங்கச்சி, வளைவுல ஒடிக்கையில வலது கை வழுக்கிருச்சு. அண்ணே என்ன செஞ்சாரு தெரியுமா? பல்லால கடிச்சு உருவி என் மடியில எறிஞ்சாரு. நான் பாம்புன்னு நெனச்சு சீட்டு மேல ஏறிட்டேன். ஒரு அம்மா வெத்தலப் பெட்டியோட என் மேல சாய்ஞ்சிருச்சு. இந்தா சட்டையில பாருங்க, இது ரத்தம் இல்ல, வெத்தல எச்சி."

யாரும் சிரிக்கவில்லை.

"ரெண்டுலயும் வெரல் உசுரோடதான் இருந்துச்சு" என்றார் அண்ணன். "ஆனா இடது, சொன்ன பேச்சக் கேக்குது. வலது, பிடிச்சா நழுவுது. கழட்டுன பெறகு வழக்கம்போலச் செத்துப் போச்சு. நாளன்னைக்கு மறுபடி போறேன். அதுவே கடைசியா இருந்தாலும் இருக்கட்டும். முப்பது பேர வச்சுக்கிட்டுப் பரீட்ச பாக்க நான் ஆள் இல்ல."

நான் ஒரேயடியாக வாதாடினேன். இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது, ஒன்று எப்படி வழுக்கும், கண்ணை எண்ணிப் பாருங்கள் என்று. அண்ணன் சாப்பிடப் போய்விட்டார்.

மதினி இரண்டு உறையையும் தன் கைகளில் மாட்டிக்கொண்டார். மூலையில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்தார். ஸ்டியரிங்கைப் பிடிப்பது மாதிரி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத் திருகினார். இடது கை அசையவில்லை. வலது கை வழுக்கியது. மறுபடி திருகினார். உலக்கையைப் பிடித்தபடியே இரண்டு உள்ளங்கையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பார்த்தார்.

"மைமூன், இங்க வா. இந்தக் கையில வரப்பு உலக்கைக்குக் குறுக்க ஓடுது. அதான் கடிச்சுப் பிடிக்குது. இந்தக் கையில உலக்கையோடவே நீளப் படுத்துக்கிருச்சு. தண்டவாளத்துல போற மாதிரி வழுக்கிட்டுப் போகுது."

"ரெண்டும் ஒரே மாதிரிதானே மதினி போட்டோம்!"

"அதுதான் தப்பு. கை ரெண்டும் ஒரே மாதிரியா இருக்கு?"

அவர் இரண்டு உள்ளங்கையையும் என் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினார். கண்ணாடியில் பார்ப்பது மாதிரி ஒன்றுக்கு ஒன்று எதிர். இருபது வருஷமாக என்னிடமும் இரண்டு கை இருந்தது. நான் பார்த்ததே இல்லை.

மதினி தான் போட்ட வலது உறையின் முடிச்சைத் தேடிப் பிடித்து இழுத்தார். பத்து நாள் வேலை பரபரவென்று பிரிந்து மடியில் குவிந்தது. வேறு நூல் இல்லை. இது கெட்டால் அவ்வளவுதான்.

"நோட்ட எடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். வலது ஓரத்தில் விரலை வைத்தார். இந்த முறை நூல் சிக்காமல் பிடித்துக்கொடுத்தது மட்டும்தான் என் உத்தியோகம். இரண்டே பகலில், சோறாக்கிய நேரமும் தொழுத நேரமும் போக மிச்சமெல்லாம், அவர் பின்னினார். வாய் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. எண்ணுகிறாரா, இறைவனிடம் துஆ கேட்கிறாரா என்று நான் கேட்கவில்லை. வரப்பு இந்தத் தடவை மறுபக்கம் சாய்ந்து ஏறியது.

அண்ணன் பெட்டியைத் தூக்கும் நேரத்துக்கு மதினி கடைசிக் கண்ணை முடித்தார். உறையில் இன்னும் அவர் மடிச்சூடு இருந்தது.

அடுத்த பக்கம்

மறுநாள் காலை டீச்சரம்மா புஸ்தகத்தைத் திருப்பிக் கேட்டார். கொடுப்பதற்கு முன்னால் சும்மா ஒரு முறை புரட்டினேன். படத்துக்கு அடுத்த பக்கம். நான் புரட்டாத பக்கம். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. படத்தை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், அது வலது கைக்கு. இடது கைக்கு எதிர்ப்பக்கமிருந்து படிக்கவும்.

பள்ளிக்கூடத்தில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து மதினியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப வெள்ளக்காரச்சிக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார்.

மறுபடியும் அந்தத் தெரு

அன்றைக்கு உச்சிக்குத்தான் நான் முதலில் சொன்ன காட்சி. மாடி ஜன்னலில் நான். தெருவில் பாசிப்பச்சைக் கைகளோடு அண்ணன். டீக்கடை பெஞ்சு விடவில்லை.

"மாப்ள, எம்புட்டுக்கு வாங்குன? எங்களுக்கும் ரெண்டு சொல்லு!"

அண்ணன் நின்றார். இரண்டு கையையும் அவர்கள் முன்னால் நீட்டினார்.

"கடையில கெடைக்காது மாப்ள. இடது கை என் தங்கச்சி போட்டது. வலது கை எங்க வீட்டுல போட்டது."

பெஞ்சு அடங்கிவிட்டது. எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் ஒருத்தர் தன் மனைவி செய்த சமையலைப் பற்றிக்கூடத் தெருவில் நின்று பேசமாட்டார். நான் படியில் தாவித் தாவி இறங்கினேன்.

வாசல் திரைக்கு இந்தப் பக்கம் மதினி நின்றார். அந்தப் பக்கம் மாயாண்டியின் குரல்: "பஸ் ஸ்டாண்டுலயே கழட்டிருங்கண்ணேன்னு சொன்னேன். போட்டவுக பாக்காமக் கழட்ட மாட்டேன்னுட்டாரு. ஊரே சிரிக்குது, நான் அஞ்சடி தள்ளித்தான் வந்தேன்."

அண்ணன் திரையை விலக்கி உள்ளே வந்து கையை நீட்டினார். மதினி வலது கை விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"சூடாத்தான் இருக்கு."

"இந்த வெயில்ல கதவுத் தாப்பாளும்தான் சூடா இருக்கு மதினி!" என்றார் மாயாண்டி வெளியிலிருந்து.

அண்ணன் சிரிக்கவில்லை. தணிந்த குரலில், எங்கள் இருவருக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"இன்னிக்கு ஒரு வளைவுலகூடக் குனிஞ்சு பாக்கல ஜொஹரா."

மதினியின் பார்வை அண்ணனின் முகத்திலிருந்து இறங்கிச் சட்டைக்குப் போனது. கழுத்திலிருந்து இடுப்பு வரை நிதானமாக இறங்கியது. ஆறு பொத்தான்கள். ஆறும் அதனதன் துளையில் இருந்தன.

"கழட்டிக் குடுத்துட்டுக் கை கழுவிட்டு வாங்க" என்றார். "சோறு ஆறுது."